நட்புறவுக்கு இடைஞ்சலான வலை

பண்பாட்டு நல்லுறவுப் பேரவை தனக்கு விருது தரப்போவதாகத் தொலைபேசியில் சொன்னபோது, அடிக்குறிப்பு "தப்பான நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி வந்தது. மறுபடியும் வைத்தார். அடுத்த முறை பேசியவர் பேரவையின் செயலாளர். விருதை மறுப்பதென்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது, இப்படிப் பட்டென்று வைப்பது நட்பு நாடுகளிடையே தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அவர் வருத்தத்தோடு சொன்ன பிறகுதான் விஷயம் உறைத்தது.

அடிக்குறிப்பு என்பது மாணவர்கள் வைத்த பெயர். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். ஒரு வாக்கியம் சொன்னால், அதற்கு ஆதாரம் எது, அந்த ஆதாரத்தில் என்ன கோளாறு என்று கீழே கீழே போய்க்கொண்டிருப்பார், மணி அடித்துவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நாடுகள், ஆட்டக்காரர்களையும் பாட்டுக்காரர்களையும் மாறி மாறி அனுப்பி எப்படிச் சமாதானம் ஆயின என்ற வரலாறு. தலையணைக்கு ஆகும் தடிமன். பெரும்பகுதி விருந்துகள், ஒப்பந்தங்கள், கைகுலுக்கல்கள். நடுவில் ஓர் அத்தியாயம் மட்டும் ஒரு பெண்ணைப் பற்றியது.

அந்தப் பெண் அவருடைய அம்மா.

அம்மா அரசு சர்க்கஸ் குழுவில் இருந்தாள். கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல் கம்பியை விட்டுப் பறந்து வருவது அவள் வேலை. எதிர்க் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவளைப் பிடிப்பது அப்பாவின் வேலை. எல்லைத் தகராறு ஓய்ந்து, நட்பு நாட்டின் அதிபர் முதன்முதலாக வந்திருந்த மாலையில், அவருக்காக விளையாட்டரங்கில் ஆட்டம் வைத்தார்கள். அன்று கீழே வலை இல்லை. வலை லாரியில் இருந்தது. அம்மா பறந்து வந்தாள், அப்பாவின் கைக்கு வந்தாள், கைக்கு வந்தவள் விழுந்தாள். வாத்தியக் குழு நிறுத்தவில்லை. கோமாளிகள் ஓடிவந்து அவளைச் சுற்றிக் கூத்தடித்து, கம்பளத்தில் சுருட்டி எடுத்துப் போனார்கள். இரு அதிபர்களும் வயிறு குலுங்கச் சிரித்ததாக மறுநாள் செய்தித்தாள் எழுதியது. பிறகு விசாரணை நடந்தது. பிடிப்பவரின் கை நழுவியது என்று முடிந்தது.

அப்பா அதற்குப் பிறகு கம்பி ஏறவில்லை. ஒரு திரையரங்கில் கதவு காத்தார். அம்மாவைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை அடிக்குறிப்பு கேட்டுப் பார்த்தார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், அன்று சாப்பிடக்கூட வரவில்லை. அதிலிருந்து அவரிடம் கேட்பதை விட்டுவிட்டு, ஆவணக் காப்பகங்களிடம் கேட்க ஆரம்பித்தார். பல வருடம் கேட்டார். நழுவியது கையல்ல, எடுக்கப்பட்டது வலை என்று ஊருக்குச் சொல்ல வேண்டும்; ஊரைவிட முக்கியமாக அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அத்தனை பக்கமும். வலையை எடுக்கச் சொன்னது யார் என்பது மட்டும் அகப்படவில்லை. 'ஓர் அதிகாரி' என்று எழுதி, கீழே 'பெயர் தெரியவில்லை' என்று போட்டிருந்தார். அப்பா புத்தகத்தைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்துவிட்டு, அலமாரியில் வைத்தார். படித்தாரா என்று தெரியவில்லை.

பேரவைக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிகள் அதிகம். நட்பு நாடுகள் தந்த வாள்கள், தட்டுகள், பஞ்சடைத்த ஒரு பறவை. பறவையின் ஒரு கண் உதிர்ந்திருந்தது. அதைத் திரும்ப ஒட்ட வேண்டுமானால் அன்பளித்த நாட்டின் ஒப்புதல் வேண்டும் என்றும், அந்த நாடு இப்போது இல்லை என்றும் செயலாளர் போகிற போக்கில் சொன்னார்.

அவர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் தந்தார், மின்விசிறியை அடிக்குறிப்பின் பக்கம் திருப்பிவிட்டார். புத்தகத்தை நடுவர்கள் படித்தார்களா என்று அடிக்குறிப்பு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"புத்தகத்துக்கு விருது இல்லைங்க சார். பண்பாட்டுத் தூது வரலாற்றுல சீரிய பணியை அங்கீகரிக்கிறதுதான் எங்க வேலை. எதை அங்கீகரிக்கிறோம்ங்கிறது அடுத்தது. புத்தகம் ஒரு சாக்குன்னு வச்சுக்கங்களேன்."

"அப்ப படிக்கலையா?"

"பொருளடக்கம் வரைக்கும் ஒருமனதா படிச்சிருக்காங்க."

நடுவர் குழுவில் ஓய்வுபெற்ற தூதர் ஒருவர், ஓய்வுபெறாமலேயே காலமான தூதர் ஒருவரின் மனைவி, நட்பு நாட்டுக்கென்று காலியாக விடப்பட்ட நாற்காலி ஒன்று. காலி நாற்காலிக்கும் ஓட்டு உண்டு. இதுவரை அது யாருக்கும் எதிராக ஓட்டுப் போட்டதில்லை என்று செயலாளர் பெருமையாகச் சொன்னார்.

தொல்லை பாராட்டுரையில் தொடங்கியது. மேடையில் வாசிக்கப்போகிற ஒரு பக்கம் அது. முதல் வரைவில் 'கலைஞர் விழுந்து இறந்தார்' என்று இருந்தது. நட்பு நாட்டின் தூதரகத்துப் பண்பாட்டு அதிகாரி, தங்கள் அதிபரின் முன்னிலையில் யாரும் இறந்ததாகத் தங்கள் நாட்டு வரலாற்றில் இல்லை என்றார். 'விழுந்தார்' என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். விழுவது நம் நாட்டின் திறமைக் குறைவைக் காட்டுகிறது என்று இந்தப் பக்கத்து அமைச்சகம் கடிந்துகொண்டது. 'இறங்கினார்' ஆயிற்று. ஏன் இறங்கினார், ஆட்டத்தின் நடுவில் இறங்குவது விருந்தாளியை அவமதிப்பதல்லவா என்று மறுபடி அந்தப் பக்கம் கேட்டது. இப்படிக் கடிதங்கள் போய் வந்து கடைசியில் இரண்டு நாடுகளும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் மிஞ்சியது. பிடிப்பவரின் கை நழுவியது என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பாராட்டுரை இப்படி முடிவானது: 'பிடிப்பவரின் கை நழுவிய சிறு நிகழ்வையும் தாண்டி நட்பு நிலைத்தது என்பதை இந்நூல் ஐயத்துக்கிடமின்றி நிறுவுகிறது.'

அடிக்குறிப்பு தாளைத் திருப்பி நீட்டினார். அது இல்லை என்று சொல்லத்தானே புத்தகமே எழுதினேன் என்றார்.

"அதை நீங்க புத்தகத்துல சொல்லிட்டீங்களே சார்," என்றார் செயலாளர் இதமாக. "ரெண்டு இடத்துலயும் ஒண்ணையே சொன்னா படிக்கிறவங்களுக்கு அலுப்புத் தட்டும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். இந்தப் பிழைப்பே வேண்டாம், விருதை மறுத்து எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றாள் அவள். மருத்துவமனையில் செவிலியாக இருப்பவள். எதையும் தையல் பிரிப்பதுபோல் ஒரே இழுப்பில் முடிப்பவள். அவரும் எழுத உட்கார்ந்தார். உள் அறையில் கட்டிலில் படுத்திருந்த அப்பா அங்கிருந்தே பேசினார்.

"வாங்கிக்கோடா."

"உங்களைப் பத்தித் தப்பா வாசிக்கப் போறாங்கப்பா."

"வாசிச்சா வாசிச்சுட்டுப் போறாங்க. அவ பேரை மேடையில சொல்லுவாங்கல்ல?"

அடிக்குறிப்பு மறுநாள் போய் அதை மட்டும் கேட்டார். கட்டாயம் சொல்வோம், பேரவைத் தலைவரே தன் வாயால் சொல்வார் என்று செயலாளர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

பிறகு ஒத்திகைகள். விருது வாங்குகிறவர் மேடையில் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு அம்மாள் சொல்லிக்கொடுத்தார். பணிவு தெரிய வேண்டும், ஆனால் கூன் தெரியக் கூடாது. பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது. அடிக்குறிப்புக்குச் சிரிப்பு வரவில்லை என்றதும், உங்கள் பணியை நினைத்துப் பாருங்கள், சந்தோஷமான இடம் ஏதாவது இருக்குமே என்றார். ஏற்புரையும் தயாராக அச்சடித்து வைத்திருந்தார்கள். அதில் அவர் ஐந்து அமைச்சகங்களுக்கு நன்றி சொன்னார். அவற்றில் ஒன்று எதற்கென்றே அவருக்குத் தெரியாது.

குடும்பத்தாருக்குக் கைதட்டல் ஒத்திகை. அரங்கத்தின் முன்வரிசையில் அவர் மனைவியையும் அப்பாவையும் உட்காரவைத்தார்கள். விரல் நுனியில் தட்டுவது நட்பு நாட்டில் ஏளனமாகக் கருதப்படும். உள்ளங்கை உள்ளங்கையில் முழுசாக விழ வேண்டும். மனைவி இரண்டு முறை தட்டிவிட்டு, வேலைக்குப் போக வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். அப்பா தட்டினார். எண்பதை நெருங்குகிறவர், ஆனால் கம்பியும் கயிறும் உரசிக் காய்த்த கைகள் அப்படியே இருந்தன. வெற்று அரங்கத்தில் பலகையைப் பலகையால் அறைவதுபோல் கேட்டது. சொல்லிக்கொடுத்த அம்மாள் மெய்மறந்து நின்றுவிட்டார். ஐயாவைப் பார்த்து எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

விழா அன்று அரங்கம் நிரம்பியிருந்தது. பேரவை ஊழியர்கள், அவர்களின் குடும்பங்கள், கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லப்பட்ட பள்ளி ஆசிரியர்கள். பாராட்டுரை வாசிக்கப்பட்டது. கை நழுவிய இடம் வந்தபோது அடிக்குறிப்பு மேடையிலிருந்து அப்பாவைப் பார்க்காமல் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டார். பிறகு தலைவர் பேச எழுந்தார்.

தலைவருக்கும் அப்பாவின் வயதுதான் இருக்கும். சுருக்கம் விழாத வெள்ளை உடை, உடைக்குப் பொருத்தமான குரல். அவர் எழுதி வைத்துப் பேசுகிறவர் அல்ல. நெஞ்சிலிருந்து பேசுகிறவர் என்று செயலாளர் முன்பே எச்சரித்திருந்தார்.

"நண்பர்களே, இந்த நூலில் ஒரு குறை இருக்கிறது. 'ஓர் அதிகாரி' என்று எழுதி, பெயர் தெரியவில்லை என்று விட்டிருக்கிறார் நம் ஆசிரியர். அவரது ஆராய்ச்சியை நிறைவு செய்யும் பேறு இன்று எனக்கு வாய்த்திருக்கிறது. அந்த அதிகாரி நான்தான்."

அரங்கத்தில் ஒரு மெல்லிய வியப்பொலி எழுந்தது. தலைவர் அது அடங்கக் காத்திருந்தார்.

"அப்போது நான் வரவேற்புப் பிரிவில் இளம் அதிகாரி. வலை, அதிபரின் கண்ணுக்கு நேர் உயரத்தில் இருந்தது. அவர் எங்கே பார்த்தாலும் வலை. ஒரு தலைவரை வலைக்குப் பின்னால் உட்காரவைத்தால் என்ன நினைப்பார்? இவர்கள் நம்மை நம்பவில்லை என்று நினைக்கமாட்டாரா? அவிழ்க்கச் சொன்னேன். மேலிடத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பார்கள். யோசிக்க ஆரம்பித்தால் நல்லுறவு வளராது. அதன்பின் ஓர் அசம்பாவிதம் நடந்தது, உண்மைதான். ஆனால் அந்த நொடியில் இரண்டு அதிபர்களும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். அதுவரை பேச்சுவார்த்தை மேசையில் யார் முதலில் எழுவது என்பதே தீராத சிக்கலாக இருந்தது. மறுநாள் மீன்பிடி ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று நாம் உண்ணும் மீனில் அந்த அம்மையாரின் பங்கு இருக்கிறது. அவர் பெயர்..." என்று செயலாளர் பக்கம் திரும்பினார். செயலாளர் தாளைப் புரட்டினார். தாளில் இல்லை. "பெயரில் என்ன இருக்கிறது. பெயரில்லாமல் தொண்டு செய்வதே பெருமை."

கைதட்டல் வெடித்தது. அதில் ஒரு கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. பலகையைப் பலகையால் அறைகிற சத்தம். அடிக்குறிப்பு பார்த்தார். அப்பா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடியே, உள்ளங்கை முழுசாக விழ, தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி மடியில் கைப்பையை இறுகப் பிடித்தபடி உறைந்திருந்தாள்.

விருதைக் கையில் கொடுத்தார்கள். கனமான கண்ணாடிக் கட்டி. உள்ளே இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. ஏற்புரைக்கு அழைத்தார்கள். அடிக்குறிப்பு அச்சடித்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்க அம்மா பேரு" என்று தொடங்கினார். ஏற்புரை அமைச்சகங்களின் பெயரோடுதான் தொடங்கும் என்று வாத்தியக் குழுவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வேறு ஏதோ வருகிறது என்றதும், உரை முடிந்துவிட்டதாக நினைத்து நட்புறவுப் பாடலை எடுத்துவிட்டார்கள். அவர் பெயரைச் சொன்னார். இரண்டாம் முறையும் சொன்னார். ஊதுகுழல்களுக்கும் முரசுகளுக்கும் நடுவில் அது அவருக்கே கேட்கவில்லை.

வாடகைக் காரில் மனைவி முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் அப்பாவும் மகனும். அப்பாவுக்குக் காது மந்தமாகியிருக்க வேண்டும், தலைவர் பேசியது விழுந்திருக்காது என்று அடிக்குறிப்பு தன்னைத் தேற்றிக்கொண்டார். இனி எப்படிச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டே வந்தார்.

"அப்பா, அவர் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"வலையை எடுக்கச் சொன்னது அவர்தானாம்."

"தெரியும்டா. அன்னைக்கே தெரியும். ஏற மாட்டேன்னு உங்கம்மா கீழேயே நின்னுட்டா. நானும் முடியாதுன்னுட்டேன். அந்த ஆளு வந்து கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறான். அம்மா, நாட்டு மானம் உங்க கையிலன்னு அழுவுற மாதிரி சொல்றான். நம்ம வயசுதான், பாவம், வேலை போயிடும் போலிருக்குன்னு அவ ஏறினா. அந்த மூஞ்சி மறக்குமா?"

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா எழுதியிருப்பே. எழுதியிருந்தா உன் வேலை போயிருக்கும். அவன் ஒவ்வொரு பதவியா ஏறிக்கிட்டே போறதை நான் பேப்பர்ல பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"பின்ன ஏம்பா கை தட்டினீங்க?"

கார் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது.

"தட்டலைன்னா உங்கிட்டேருந்து அதைத் திருப்பி வாங்கிட்டாங்கன்னா? எல்லாரும் தட்டுறப்போ நான் மட்டும் சும்மா இருந்தா தெரிஞ்சு போயிடாதா?"

முன்னால் மனைவி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடிக்குறிப்பு மறுவாரமே விருதைத் திருப்பித் தரப் போனார். திருப்பி வாங்கிக்கொள்ளப் பேரவையில் வழி இல்லை. வெளிநாட்டு அன்பளிப்பாக இருந்தால் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். நீங்கள் வெளிநாடு இல்லையே என்று செயலாளர் மனமார வருந்தினார். சரி என்று அடிக்குறிப்பு வேறு காரியம் செய்தார். பதிப்பாளரைப் பிடித்து இரண்டாம் பதிப்பு போட்டார். 'பெயர் தெரியவில்லை' என்ற இடத்தில் தலைவரின் பெயரும் பதவியும், ஆதாரம் அவரது சொந்த உரை என்பதும் ஏறின. அம்மா ஏற மறுத்தது ஏறியது. வேலை போனாலும் போகட்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. வேலை போகவில்லை. யாரும் மறுப்பு எழுதவில்லை. விருது பெற்ற நூல் என்பதால் எல்லாப் பிரதிகளையும் பேரவையே வாங்கிக்கொண்டது. அத்தனை தூதரகங்களுக்கும் அன்பளிக்கும் திட்டம் இருப்பதாகவும், அதுவரை நூல் பத்திரமாகப் பூட்டிய அறையில் இருக்கும் என்றும் வாழ்த்து வந்தது. மூன்றாம் பதிப்பு போட்டால் அதையும் வாங்கிக்கொள்ளத் தயார் என்றார்கள். பதிப்பாளருக்கு ரொம்ப சந்தோஷம். கடைக்காரர்களிடம் கேட்டால், அது விருது வாங்கின புத்தகம் சார், அதெல்லாம் கிடைக்காது என்றார்கள்.

வருட முடிவில் தலைவருக்குப் பாராட்டு விழா வந்தது. நல்லுறவுக்கு உழைத்தவர் என்று நட்பு நாடே அவருக்குப் பதக்கம் தருகிறது. முன்வரிசையில் உட்காரச் சொல்லி அப்பாவுக்குத் தனி அழைப்பு. அடிக்குறிப்பு அதைக் கிழிக்கப் போனார். அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"போவோம். நான் தட்டாம உக்காந்திருக்கணும். அன்னைக்குத் தட்டினதுக்கு வேற என்ன செய்யறது, சொல்லு."

போனார்கள். சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்த அப்பா, முன்வரிசையில் நட்ட நடுவில் உட்கார்ந்தார். கைகளை முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டார். தலைவர் நெஞ்சிலிருந்து பேசினார். வலையைப் பற்றிய கதை இப்போது இன்னும் நீண்டிருந்தது. அதில் அவர் அழவும் அழுதார். பேசி முடித்துக் கும்பிட்டார்.

அரங்கம் அதிர்ந்தது. அப்பா அசையவில்லை. தலைவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கைகளை முழங்காலோடு அழுத்திக்கொண்டிருந்தார். அடிக்குறிப்பு பெருமூச்சோடு பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்வரிசைகளில் பாதிக்கு மேல் காலி. இருந்தவர்களும் கட்டிய கையைப் பிரிக்கவில்லை; ஒரு அம்மாள் கொட்டாவி விட்டாள். யாரும் தட்டவில்லை. சத்தம் மேலே ஒலிபெருக்கிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது.

செயலாளர் குனிந்து வந்து இருவர் காதுக்கும் நடுவில் பேசினார்.

"இனி யாரையும் சிரமப்படுத்த வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம் சார். உங்க விழாவுல பதிஞ்சதுதான். முன்னால ஐயா தட்டுறது எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு, கேளுங்க. எல்லா விழாவுக்கும் இதைத்தான் போடுறோம்."

அப்பா கேட்டார். முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை. கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று.